திரும்பிப் பார்க்காமல் போங்கள்

எல்.கே.ஜி. டீச்சர் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தமிழும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்; இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு துண்டு இருந்தால் போதும். கண், மூக்கு, வாய் என்று துடைப்பதற்கே பொழுது சரியாகிவிடும். நான் நெரவியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, திருநள்ளாற்றில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன். பிள்ளையை முதன்முதலாக விட்டுவிட்டு ஸ்கூட்டியை ஓரங்கட்டி அழுத அம்மாக்களே, ஹெல்மெட்டுக்குள் அழுத அப்பாக்களே, நீங்கள் போன பிறகு உள்ளே நடப்பதையும் கொஞ்சம் கேளுங்கள்.

மடை பார்க்க வந்தவர்

எங்கள் பள்ளியில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு வருஷமும் பெற்றோர் கூட்டத்தில் நான்தான் மைக் பிடித்து அதைச் சொல்வேன். "கேட்டில் பிள்ளையைக் கொடுத்ததும் கிளம்பிவிடுங்கள். திரும்பிப் பார்க்காமல் போங்கள்." அம்மாவோ அப்பாவோ திரும்பிவிட்டால் அன்றைக்குப் பிள்ளை அடங்காது என்பது எங்கள் அனுபவம்.

இந்த ஜூனில் சுரக்குடியிலிருந்து ஒரு விவசாயி மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, விதிப்படி விறைப்பாக நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், வகுப்பு ஜன்னலுக்கு நேரே வயல் வரப்பில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருக்கிறார். வயல் அவருடையது இல்லை. ஆற்றில் தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. நான் ஜன்னலில் நின்று முறைத்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"புள்ளையப் பாக்க வரலிங்க மிஸ். மடை பாக்கலாம்னு வந்தேங்க."

சமத்து

அதே வாரம் சேர்ந்தவள் தன்ஷிகா. (பெயரில் 'ஷ்' இல்லாத பிள்ளை இந்த வருஷம் என் வகுப்பில் கிடையாது.) அவள் அம்மா செல்வி, கோயில் குளத்துப் பக்கம் நல்லெண்ணெய் பாக்கெட்டும் துண்டும் விற்கும் கடை வைத்திருக்கிறாள். மகளை என் கையில் கொடுத்தாள், போனாள். தலை ஒரு பக்கமும் அசையவில்லை. தன்ஷிகாவும் அழவில்லை. மற்றதெல்லாம் என்னை உதைத்துக்கொண்டு தரையில் உருண்டுகொண்டிருக்க, இவள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழாத பிள்ளைக்கு நெற்றியில் ஸ்டார் ஒட்டுவது என் வழக்கம். இவளுக்குப் பெரிய ஸ்டாராகவே ஒட்டினேன். "அம்மாவும் பொண்ணும் இப்படி இருந்தா நமக்கு என்ன கஷ்டம்" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

உருண்டதெல்லாம் சில வாரத்தில் அழுது ஓய்ந்து பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டது. இவள் மட்டும் பையை முதுகிலிருந்து இறக்கவில்லை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பேச்சில்லை. டிபன் டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போனது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்கிறாள் செல்வி. இப்படியே போனால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடலாம், அடுத்த வருஷம் வரட்டும் என்று பொறுப்பாசிரியை சொல்லிவிட்டார். எங்கள் ஆயா ராணியக்காதான் முதலில் பயந்தவர்.

"அழுவுற புள்ளைய எப்புடியாவது தேத்திப்புடலாம் டீச்சர். இது அழுவவே மாட்டங்குதே, இத என்னன்னு தேத்துறது?"

நனைந்த சட்டை

ஒருநாள் யாருடைய தண்ணீர் பாட்டிலோ தன்ஷிகா மேல் கவிழ்ந்துவிட்டது. ராணியக்கா அவள் சட்டையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து வேறு ஒரு கவுனை மாட்டினார். அவ்வளவுதான். அதுவரை சத்தமே போடாத பிள்ளை வீறிட்டுக்கொண்டு ஓடி, அந்த ஈரச் சட்டையை அள்ளி நெஞ்சோடு கட்டிக்கொண்டது. "இத போட்டுட்டுப் போவாதீங்க, போவாதீங்க" என்று அழுத அழுகையில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்தார்.

திருநள்ளாற்றுக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும். சனி தோஷம் என்று வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகுவார்கள். உடுத்தியிருந்த துணியை அங்கேயே கழித்துவிட்டு, வேறு துணி கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். திரும்பினால் விட்ட தோஷம் கூடவே வந்துவிடும் என்று நம்பிக்கை. தன்ஷிகா தவழ்ந்த நாளிலிருந்து கடையில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அதைத்தான். செல்வி சாயங்காலம் வந்து கூட்டிப்போனாள் என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் காலையில் மறுபடியும் கொண்டுவந்து விட்டாளே.

இதெல்லாம் பிறகு எனக்கு ஓடிய யோசனை. அப்போது நான் அவளை மடியில் தூக்கி வைத்து, ஏன்டா கண்ணு என்று மட்டும்தான் கேட்டேன். விக்கலுக்கு நடுவே அவள் திருப்பிக் கேட்டாள்.

"அம்மா திரும்பியே பாக்கல மிஸ். நான் தோசமா?"

செல்வி

சாயங்காலம் செல்வி வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கேட் பக்கத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லா நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"நீங்க சொன்னீங்களேன்னுதான் மிஸ் கழுத்த இறுக்கிப் புடிச்சிக்கிட்டுப் போனேன். திரும்பியிருந்தா வீட்டுக்கே தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன்."

கேட்டில் கூட்டம்

மறுநாளிலிருந்து செல்வி திரும்பிப் பார்த்தாள். கேட்டில் ஒரு தடவை, டீக்கடையில் ஒரு தடவை, முக்குத் திரும்பும்போது ஒரு தடவை. தன்ஷிகா கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்த பிறகுதான் உள்ளே வருவாள். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. பை முதுகிலிருந்து இறங்கவே நாளாயிற்று. அப்புறம் அரை இட்லி, ஒரு இட்லி என்று டப்பா காலியாக ஆரம்பித்தது. நான் விதியைக் கைவிட்டேன். சுரக்குடிக்காரரும் இப்போது வரப்பில் ஒளியாமல் கேட்டில் நின்றே கையாட்டுகிறார். காலையில் வண்டிகள் அடைத்துக்கொள்வதாகப் பொறுப்பாசிரியை என்னைத் திட்டுவது தனிக் கதை.

தீபாவளி லீவு முடிந்து வந்தபோது தன்ஷிகா பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிற அளவுக்குத் தேறியிருந்தாள். செல்விக்குத்தான் பயம் விடவில்லை. ஒரு சனிக்கிழமை, கோயிலில் ஊர்ப்பட்ட கூட்டம். அன்றைக்கும் டீக்கடையோரம் நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்தவளை மகள் கேட்டுக்குள்ளிருந்து அதட்டினாள்.

"போதும்மா, போ. எண்ணெ வாங்க ஆளு நிக்கும்."

மூன்றாம் வகுப்புக்காரி

தன்ஷிகா தேறிவிட்டாள். எனக்குத்தான் அதற்கப்புறம் மனசு சரியில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை நெற்றியில் ஸ்டார் ஒட்டியிருப்பேன்? அந்தப் பிள்ளைகள் மனதில் என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கனிஷ்கா என்று ஒருத்தி, வந்த முதல் நாளே அழாமல் ஸ்டார் வாங்கியவள், இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். எல்.கே.ஜி.யில நீ அழவே இல்லையே, அப்ப என்னடா நெனச்சுக்கிட்டு இருந்த என்று கேட்டேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக, என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"தெரியல மிஸ். எல்.கே.ஜி.ல நீங்களா எங்களுக்கு வந்தீங்க?"

அழுத பிள்ளைகள் உதைத்த உதையெல்லாம் அன்றைக்கே வலித்து அன்றைக்கே போய்விட்டது. அழாத பிள்ளைகள் உதைத்ததுதான் இப்போது ஒவ்வொன்றாக வலிக்க ஆரம்பிக்கிறது.