பாத்தித் தண்ணீர் நடுங்கிய ஞாயிறு

முதலில் தண்ணீர்தான் சொன்னது. என் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊர் ஊராய் அலைந்த கால், அதற்கு எல்லாத் தரையும் ஆடுகிற தரைதான்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு, நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் தளத்துக்குத் தண்ணீர் விட ஏறியிருந்தேன். கான்கிரீட் போட்டு எட்டு நாள். வெயிலில் வறண்டுவிடாமல் இறுக வேண்டுமே. அதற்காகத் தளம் முழுக்க நாலு விரல் உயரத்துக்குக் கலவையால் கரை கட்டி, பதினாறு பாத்தியாக்கித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். ஹோஸைப் பிடித்தபடி நிற்கிறேன், நான் ஊற்றாத பாத்தியிலும் தண்ணீர் சிலிர்க்கிறது. காற்றில்லை. பொங்கப்போகிற பாலின் மேல் ஓடுமே ஒரு நடுக்கம், அப்படி. அப்புறம்தான் சத்தம், மண்ணுக்கடியில் லாரி போவதுபோல. தளத்தைத் தாங்கிய சவுக்கு முட்டுகள் கிறீச்சிட்டன. நாலைந்து மூச்சு. நின்றுவிட்டது.

நான் மலையைப் பார்த்தேன். செஞ்சிக்காரன் வேறு எதைப் பார்ப்பான்? ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, இதோ விழுகிறேன் என்று காலகாலமாய் மிரட்டிக்கொண்டு நிற்கும் பாறைகள். ஒன்றுகூட அசையவில்லை.

என் மனைவி மலையைப் பார்க்கவில்லை. ஏணியில் பாதி ஏறி நின்று தளத்தையே பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னோடு ஒன்பது வாடகை வீடு மாறியவள். மூட்டை கட்டும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு வீட்டைத்தான்.

"விரிசல் வுட்டிருக்குமா?" என்றாள்.

பாத்திக்குள் குனிந்து தேடினேன், தண்ணீரில் வானம்தான் தெரிந்தது. தெருவுக்கோ அதற்குள் கோபம் வந்துவிட்டிருந்தது. எங்கள் பக்கம் தரை அதிர்ந்தால் அது கல்குவாரிதான். தினம் மத்தியானம் பாறைக்கு வெடி வைப்பார்கள், அடுக்கில் பாத்திரம் குலுங்கும், திட்டிக்கொண்டே சாப்பிடுவோம்.

"இன்னிக்கு ஓவரா வெச்சிட்டானுங்க. வாங்கடா, கேட்டுட்டு வரலாம்!" எதிர்வீட்டு அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டினார். இருபது முப்பது பேர் கிளம்பிவிட்டோம். நானும்தான். யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுகிற ஆள் நான்.

குவாரி கேட்டில் பூட்டு. உள்ளே காவல்காரர் கயிற்றுக் கட்டிலில், பிசைந்த சோறு கையிலிருக்க, வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், எத்தினி குழி வெச்சீங்க?" அண்ணன் கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமண்ணா, வெடியே கெடையாது. நீங்கதான் ஊர்ல இன்னாத்தையோ வெடிச்சிட்டீங்கன்னு நான் பயந்துகினு உக்காந்திருக்கறேன்."

பூசைக்குப் போய்வந்த எனக்கே ஞாயிறு என்பது உறைக்கவில்லை. "அப்போ... பூமியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தரையைப் பார்த்த அண்ணன், மடித்துக் கட்டிய லுங்கியை மெல்ல இறக்கிவிட்டார், பெரிய மனுஷர் எதிரே வந்ததுபோல. அதைப் பார்த்துக் காவல்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். திரும்பும் வழியெல்லாம் அண்ணனைச் சும்மா விடவில்லை: "இன்னாண்ணா, பூமிகிட்ட எப்ப சண்டைக்குப் போலாம்?"

வீட்டு வாசலில் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, மேஸ்திரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பதறாதம்மா," என்றார் அவர். "எல்லாப் பாத்தியிலயும் தண்ணி ரொப்பி, மட்டத்துக்குக் கோடு போடு. ஒரு தட்டுலயும் தண்ணி ஊத்தி அங்கியே வையி. நாளைக்கு சாயங்காலம் பாரு. ரெண்டுலயும் ஒண்ணா கொறஞ்சிருந்தா வெயில் குடிச்சது. பாத்தியில மட்டும் கொறஞ்சா கீழ எறங்குதுன்னு அர்த்தம்."

மறுநாள் சாயங்காலம் பாத்தி பாத்தியாகப் போனாள், கையில் தட்டு, பின்னால் நான். பதினாலு பாத்தி தட்டோடு ஒத்துப்போயின. பதினைந்தாவதில் மட்டும் அவள் போட்ட பென்சில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே கிடந்தது தண்ணீர். சமையலறைக்கு நேர் மேலே.

அப்படியே குந்திவிட்டாள். "வேற எங்கனா வாடகைக்கு..." என்று ஆரம்பித்தேன், பழக்கதோஷம். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கடைசிப் பாத்திக்கு நகர்ந்தேன், மழைத்தண்ணீர் வடியத் தளத்தை லேசாகச் சரித்திருந்த மூலை அது.

அங்கே கோட்டையே காணோம். தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

"இங்க ஏறியிருக்குது! வந்து பாரு!"

தவழ்ந்தே வந்தாள். இரண்டு பாத்திக்கும் நடுக்கரையில் விரலை ஓட்டினாள். நூல் கனத்துக்கு ஒரு பிளவு.

"கரைங்க! கரைதான் வுட்டிருக்குது. தளம் நல்லாருக்குது!" ஈரக் கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நேற்றிலிருந்து அடக்கிவைத்த அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கீழே போய் ஒரு கை சிமெண்ட் குழைத்துக்கொண்டு வந்து, பிளவை அவளே அடைத்தாள். கட்டைவிரல் ரேகை அதில் பதிந்தது.

"இன்னும் பதினஞ்சு நாள் தண்ணி வுடணும். எங்கியும் கெளம்பிடாதீங்க."

ஹோஸை எடுத்தேன். பதினைந்தாவது பாத்தியிலிருந்து ஆரம்பித்தேன்.