ஏழடி தள்ளிப் போன பாதை

நல்லதண்ணிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயம் பாதி புதைந்தபின், அங்கிருந்தவர்களுக்கு வேறு மலையில் வீடு கட்ட முடிவானது. இரண்டாயிரத்துகளின் கடைசி வருடங்கள். அந்த வீடுகளுக்குப் போகும் பத்தடி அகலப் பாதைக்கு முளை அடிக்க நான் போனேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன், நில அளவையாளன். மலைநாட்டுப் பனிமூட்டத்தில் சங்கிலி இழுத்து அளந்தே பாதி ஆயுள் போனதால், புதுக் கருவி வந்ததும் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. டவுன் அலுவலகக் கூரையில் முக்காலி மேல் ஒரு கருவி நிற்கும். செயற்கைக்கோள் கணக்கில் வரும் பிழையை அது கண்டுபிடித்து, இணையம் வழியாக நொடிக்கு நொடி எனக்கு அனுப்பும். கைத்தொலைபேசிக்கு சிக்னல் இருந்தால் போதும், என் கையிலுள்ள கருவி இரண்டு விரல் அகலத்துக்குள் இடம் சொல்லிவிடும்.

முளை அடித்து முடித்ததும் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி கூடையோடு வந்து நின்றாள். பிறந்த பதினோராம் நாள் இறந்த மகளை அங்கேதான் புதைத்தாளாம். மயானமாக இருந்த இடத்தில் பிறகு தேயிலை நட்டுவிட்டார்கள். தண்ணீர் ஓடும் காணிலிருந்து ஒன்பதாவது செடி, அவ்வளவுதான் அடையாளம்.

“பாதை எம் புள்ள மேல போகுதுங்களா, ஐயா?”

அளந்து பார்த்தேன். அந்தச் செடி பாதையோரத்துக்கு இரண்டடி வெளியே இருந்தது. “இல்லையம்மா. மெஷின் பிழை விடாது,” என்றேன். அவள் கும்பிட்டாள், என்னையல்ல, கருவியை.

மறுநாள் காலை சரிபார்க்கப் போனேன். கருவி காட்டிய இடத்திலிருந்து முதல் முளை ஏழடி தள்ளியிருந்தது. இரண்டாவதும் ஏழடி. பனிக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். எல்லா முளையும் ஒரே பக்கமாக, ஒரே ஏழடி. மண்ணோ கலையவே இல்லை.

“மலை எறங்குதுங்க,” என்றார் கூட வந்த தோட்டத்து ஆட்களில் ஒரு கிழவர், மெதுவாக. எல்லோரும் தங்கள் காலடியைப் பார்த்தார்கள்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “கூரையிலை ரெண்டு புள்ளி இருக்கெல்லே,” என்றார் கூட்டாளி. “நேற்று மெஷினை மற்றதிலை வைச்சிட்டன் போல. இண்டைக்குத்தான் சரியானதிலை நிக்குது.” அந்த இரண்டுக்கும் இடையே ஏழடி. கூரைக் கருவிக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது, நாம் சொன்னதை நம்பும். மலை அசையவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். சொல்லாதது ஒன்று இருந்தது. சரியான பாதையின் நடுக்கோடு ஒன்பதாவது செடி மேல் போனது.

அந்தப் பெண் மட்டும் போகாமல் நின்றாள். “அப்ப முளைய மாத்திப் போடுவீங்களா?”

கருவியை அணைத்தேன். “அங்கேயே இருக்கட்டும்,” என்றேன். வரைபடத்தின்படியே முளை அடித்ததாகக் கையெழுத்தும் போட்டேன். தொழிலில் நான் தெரிந்தே செய்த ஒரே பொய் அது. இன்றும் வருத்தமில்லை.

சில வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மனம் கேட்கவில்லை. பழைய வரைபடத்தைக் கருவியில் ஏற்றி, தேயிலைக்குள் இறங்கினேன். பக்கத்தில் தார்ப் பாதையில் ஆட்டோ ஒன்று போனது. என் இடுப்புவரை செடி. நீ நடுப்பாதையில் நிற்கிறாய் என்றது கருவி.

மேலே பாதையோரத்தில் அவள் நின்றிருந்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா,” என்றாள். “புள்ள மேல நிக்கிறீங்க.”