மதகின் கீழ்ப்பக்கத் தண்ணீர்: நிந்தவூருக்கு ஒரு மழைக்காலப் பயணம்

அன்று ஷமீமாவின் வீட்டில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவளுடையதும் அவளோடு படிக்கும் வேறு ஐந்து பேருடையதுமாக ஆறு விடைத்தாள்கள், எங்கள் பொறியியல் பீடத்து விரிவுரையாளர் ஒருவரின் அலுமாரியில் தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகச் சந்தேகம். விடுமுறை முடிந்ததும் விசாரணை. குற்றம் என்று முடிவானால் ஆறு பேரும் ஒரு வருடம் பரீட்சை எழுத முடியாது. அவளுடைய உம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டாம் தடவை சோறு போட்டபோதும் நான் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் கதைக்க வேண்டாம் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டில் நான் ஊர் பார்க்க வந்தவளாகவே இருந்தேன்.

எண்பத்தொன்றாம் ஆண்டு டிசம்பர் விடுமுறை அது. முதலாம் வருட மாணவர்களுக்கு வாரம் ஒரு முறை பயிற்சிக் கணக்குகள் செய்யவைக்கும் தற்காலிகப் போதனாசிரியர் வேலை எனக்கு. விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த விரிவுரையாளர் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். குளம் ஒன்றின் மதகுக் கதவை நீர் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பது கேள்வி. மேல்பக்கத்து நீரை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். இந்த ஆறு பேரும் கதவின் கீழ்ப்பக்கத்திலும் நீர் நிற்பதாக எடுத்து, அதைக் கழித்திருந்தார்கள். அதிலும் சரியாகக் கதவின் பாதி உயரத்துக்கு. கேள்வியில் அந்தப் பாதி எங்கேயும் இல்லை.

"ஒரே பிழையை ஆறு பேர் தனித்தனியாக விட முடியுமா?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நல்ல மனிதர், உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். ஆறு பேரும் கல்முனைக் கரையோரத்தவர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குக் குப்பி எடுப்பவன் நிந்தவூர் நௌபர் என்பதும் தெரியும்.

குப்பி என்பது எங்கள் வளாகத்துச் சொல். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இங்கே எல்லாம் ஆங்கிலத்தில். விரிவுரையில் பாதி காதோடு போய்விடும். மேல் வகுப்பு மாணவர் ஒருவர் அவர்களை உட்காரவைத்து அதையே தமிழில் திரும்பச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்துப் பெயர். இப்போது மின்குமிழின் கீழ் நடந்தாலும் பெயர் மாறவில்லை. இறுதி வருடத்து நௌபர் விடுமுறையிலும் ஊரில் குப்பி வைப்பான். "எங்கட ஊருக்கு ஒருக்கா வாங்க மிஸ்" என்று பல தடவை கூப்பிட்டிருந்தான். இந்தத் தடவை போனேன்.

கண்டியிலிருந்து கல்முனை பஸ் காலை ஆறு மணிக்கு. மகியங்கனை, அம்பாறை வழியாகப் போகிறது. கட்டணம் இருபது ரூபாய்க்குச் சற்று மேல். இடது பக்க யன்னலோரம் பிடித்துக்கொண்டால் மலை இறங்கும் வளைவுகளை நன்றாகப் பார்க்கலாம். வயிறு இடம் கொடுக்காதவர்கள் வலது பக்கம் இருங்கள். மகியங்கனையில் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு அம்பாறை வரை தேநீரைத் தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சம்மாந்துறை தாண்டி மாவடிப்பள்ளிக்கு வந்தபோது வீதியைக் காணவில்லை. இரண்டு பக்கத்து வயல் வெள்ளமும் நடுவில் சேர்ந்துவிட்டிருந்தது. கொண்டக்டர் இறங்கி, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வீதியின் ஓரத்தைக் காலால் தடவிப் பார்த்தபடி பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்.

"காக்கா, நீந்தத் தெரியுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் நீந்துவன். பஸ்தான் நீந்தா. சும்மா இரிங்க!"

"ஏன் இன்னும் முகத்துவாரம் வெட்டல்ல?" என்று என் பக்கத்தில் இருந்த பெண் தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. மழை வெள்ளத்தைப் பற்றி யாரும் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.

நிந்தவூருக்குப் போகிறவர்கள் காரைதீவுச் சந்தியில் இறங்க வேண்டும். நான் தெரியாமல் கல்முனை வரை போய், சந்தைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நின்று, அக்கரைப்பற்று பஸ்ஸில் திரும்பி வந்தேன். நீங்கள் அந்தப் பிழையை விட வேண்டாம்.

ஷமீமாவின் வீட்டில் தங்க ஏற்பாடாகியிருந்தது. எங்கள் பீடத்தில் முதலாம் வருடத்தில் இருக்கும் சில பெண்களில் அவளும் ஒருத்தி. வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதில்லை. வீட்டில் தம்பிமாரை அதட்டும்போதுதான் அவளுக்கு எவ்வளவு பெரிய குரல் என்று தெரிந்தது. உம்மா மீன் ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்பையும் சோற்றையும் வைத்துவிட்டு எதிரே இருந்தார்.

"மிஸ், இவ படிக்கிறாவா? உண்மையச் சொல்லுங்க."

"நல்லாப் படிக்கிறா."

"இவட வாப்பா சந்தையில நிண்டு எல்லாருக்கும் சொல்லிட்டார், என்ட மகள் இன்ஜினியர் எண்டு. இன்னும் ஒரு வருஷம் முடியல்ல! ஆரும் நெல்லு மெஷின் பழுதெண்டு வந்தாலும் மகள் வரட்டும் எண்டு சொல்றார்."

"உம்மா!" என்றாள் ஷமீமா.

"பெயிலாகி ஒரு வருஷம் பிந்தினா என்ன செய்ற? மனிசன் திருப்பிப் படிக்க அனுப்புவார், அவர் அப்பிடித்தான். ஊர்ச் சனம்தான் வாய மூடாது. மூத்தம்மாமாரெல்லாம் மாப்பிள்ளை பேச வந்திருவாங்க. அதான் கேக்கிறன்."

நான் இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குப்பி. நௌபரின் மாமாவுடைய நெல் ஆலையின் பின்பக்கக் களஞ்சியம்தான் வகுப்பு. கரும்பலகை கிடையாது, களஞ்சியத்தின் பெரிய தகரக் கதவில் கறுப்பு மை பூசி வைத்திருந்தார்கள். ஆறு பேரும் நெல் மூட்டைகளில் இருந்தார்கள். அவர்களில், காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்த சிவராசா நனைந்த சேர்ட்டைப் பிழிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். எழுதிய பரீட்சையைக் கேள்வி கேள்வியாகப் பார்த்து, யார் எதில் தப்புவார் என்று கணக்குப் போடுவதுதான் அன்றைய வேலை.

"மூணாவது கேள்வி," என்றான் நௌபர்.

"அது மட்டும் சுத்தமாச் சரி காக்கா," என்றாள் ஷமீமா. ஆறு பேரும் தலையாட்டினார்கள். அதுதான் அந்த மதகுக் கேள்வி.

நௌபர் கதவில் ஒரு மதகைக் கீறினான். மேல்பக்கம் நீல வெண்கட்டியால் நீர். கேட்காமலே கீழ்ப்பக்கமும் நீலம்.

"கீழ ஏன் தண்ணி?" என்று அவர்களைக் கேட்டான்.

"முகத்துவாரம் மூடிக் கிடக்கு!" ஆறு குரலும் ஒன்றாக வந்தன.

"எவ்வளவு?"

"பாதி!"

"பாதிக்கு மேல வந்தா?"

"மம்பட்டி எடுத்துக்கு ஓடு!" என்றான் சிவராசா. களஞ்சியமே சிரித்தது.

நான் மெதுவாக, "கேள்வியில் கீழ்ப்பக்கத்துத் தண்ணீரைப் பற்றி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். அது சொல்லணுமா?" என்றான் நௌபர். "கீழ தண்ணி இல்லாத மதகு எங்க இரிக்கு?"

"எங்கள் ஊரில், மாத்தளையில்."

"மிஸ்ட ஊர்ல தண்ணி கீழ விழுந்து ஓடிரும். எங்கட ஊர்ல ஓட இடமில்ல. வாங்க, காட்டுறன்."

ஆலைக்குப் பின்னால் ஐந்து நிமிட நடைதான். வயல் நீரை வடிக்கும் வாய்க்காலில் சிறிய மதகு ஒன்று, மரப் பலகைக் கதவோடு. மேல்பக்கம் வயல் வெள்ளம். கீழ்ப்பக்கமும் நீர், அசையாமல். வாய்க்கால் போய்ச் சேரும் ஆற்றுவாயைக் கடல் மணலால் அடைத்துவிடுகிறது. அதுதான் முகத்துவாரம் மூடுவது. மழை தொடங்கியதும் நீர் போக வழியில்லாமல் பின்னுக்கு ஏறி வந்து கதவில் நிற்கும். கதவின் நடுவில் ஓர் ஆணி அடித்திருந்தார்கள். நீர் அந்த ஆணியைத் தொட்டால் வயல்களின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை ஆள் அனுப்புவாராம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு கடற்கரைக்குப் போய் மணலை வெட்டித் திறந்துவிட வேண்டும். இது ஊர் வழக்கம். நிந்தவூரில் மட்டுமல்ல, காரைதீவிலும் அப்படித்தான் என்றான் சிவராசா.

அன்று நீர் ஆணிக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஒருவரும் ஒருவரையும் பார்த்து எழுதவில்லை. ஆறு பேரும் பரீட்சை மண்டபத்தில் கண்ணை மூடி இந்த மதகைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் இதைப் பார்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

நௌபர் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றான். கெட்டிக்காரன், என் கேள்வி அவனுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. "மிஸ், அப்ப அந்த விடை..." என்று தொடங்கி, பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து நிறுத்தினான். பிறகு தானே திரும்பி அவர்களிடம், "டேய், நான் பிழையாச் சொல்லித் தந்திரிக்கன் போல. கேள்வியில இல்லாத தண்ணிய நான் ஊத்தியிரிக்கன்," என்றான்.

"எவ்வளவு ஊத்தின காக்கா?"

"பாதி," என்றான். இம்முறை சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

நான் ஒன்றைத்தான் சேர்த்துச் சொன்னேன். கீழே நீர் இருக்கிறது என்று எடுப்பது பிழையல்ல. அப்படி எடுத்தேன் என்று ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் பிழை. அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுத அங்கேயே பழகினோம். வாய்க்கால் கரையில் நின்று ஆறு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் வகுப்பு முடிந்தது.

திரும்பும் வழியில் ஷமீமா என்னோடு பின்தங்கி நடந்தாள்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்திச்சு மிஸ். வகுப்பில சேர் படம் கீறினப்போ கீழ்ப்பக்கம் வெறுமையா இருந்திச்சு. தண்ணி எங்க எண்டு கேக்க நினைச்சன்."

"ஏன் கேட்கவில்லை?"

"இங்கிலீசில வசனம் சேர்த்தன். முதல் சொல்லு வந்திச்சு, ரெண்டாவது வந்திச்சு. நான் எழும்பக்குள்ள சேர் பலகைய அழிச்சிட்டார்." கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, "கேட்டிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, என்ன?" என்றாள்.

அந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. சொன்னால் மிச்ச விடுமுறையை அவள் தூக்கமில்லாமல் கழிப்பாள். என்னால் வேறு எந்த உறுதியும் கொடுக்க முடியாது. "ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்" என்று மட்டும் சொன்னேன்.

ஊர் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டபடியால் அடுத்த நாள் பொத்துவிலுக்கும் போனேன். நிந்தவூரிலிருந்து முப்பத்தாறு மைல் அளவு. அக்கரைப்பற்றில் பஸ் மாற வேண்டும். திருக்கோவில் தாண்டிக் கோமாரி வரும்போது தென்னைகளுக்கு நடுவே கடல் அடிக்கடி தலைகாட்டும். கடல் கலங்கலாக, கோபமாக இருந்தது. அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர் ஒருவரையும் காணவில்லை. கடற்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், எத்தனை விரிவுரைகளில் நான் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று யோசித்தேன். என் மனதில் இருந்த படமும் பலகையில் இருந்த படமும் ஒன்றாக இருந்தது என் அதிர்ஷ்டம். மாத்தளையில் மதகுக்குக் கீழே கல்தான் தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கடல் குளிக்க வேண்டுமானால் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போங்கள். மழைக்காலத்தில் போவதானால் மாவடிப்பள்ளியில் தாமதமாகும் என்று ஒரு அரைநாளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்; றப்பர் செருப்பு போதும், சப்பாத்து வீண். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன்னமே சாப்பிட்டுவிடுங்கள். தனியே போகும் பெண்கள் தெரிந்த குடும்பம் ஒன்றில் தங்குவது நல்லது. ஊரில் அறை தேடி அலைய வேண்டியதில்லை. ஒருவரைத் தெரிந்தால் போதும், விடமாட்டார்கள். முடிந்தால் முகத்துவாரம் வெட்டும் நாளில் போய்ப் பாருங்கள். நான் புறப்பட்ட அன்று மாலைதான் நீர் ஆணியைத் தொட்டதாம். அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

பீடத்துக்குத் திரும்பியதும் விரிவுரையாளரிடம் போய் அந்த மதகை ஆணியோடு கீறிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "வகுப்பில் ஏன் ஒருவரும் கேட்கவில்லை?" என்றார். ஷமீமாவின் பெயரைச் சொல்லாமல், அவள் சொன்னதைச் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து ஆறு விடைத்தாள்களையும் எடுத்து மற்றக் கட்டோடு சேர்த்தார்.

விசாரணை நடக்கவில்லை. மூன்றாம் கேள்வியில் செய்கைக்கு உரிய புள்ளி ஆறு பேருக்கும் கிடைத்தது, விடைக்கு உரியது கிடைக்கவில்லை. ஐந்து பேர் அந்தப் பாடத்தில் சித்தியடைந்தார்கள், ஷமீமாவும் ஒருத்தி. சிவராசா மீண்டும் எழுதிச் சித்தியடைந்தான். அடுத்த வருட வினாத்தாளில் மதகுக் கேள்வி படத்தோடு வந்தது. படத்தின் கீழே, கதவின் கீழ்ப்பக்கத்தில் நீர் இல்லை என்று ஒரு வரி இருந்தது.