கழற்றிவிட்ட தடுப்பு

மேஸ்திரிக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டைக் கால்வாய் முகத்துவாரத்தில் குப்பை அள்ளியே தீர்த்தவர். ஊர்ச் சாக்கடை முழுவதும் கடலில் விழும் அந்த இடத்தில், குறுக்கே ஒரு மிதவைத் தடுப்பு கட்டியிருக்கும். பாட்டில், பை, தெர்மாகோல், அறுந்த செருப்பு எல்லாம் அதில் முட்டி நிற்கும். நாங்கள் இருவரும் படகில் நின்று வலைக்கரண்டியால் அள்ளுவோம். நான் முகத்தைச் சுளித்தால், "மூக்கைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வாய்யா" என்பார்.

தின்று குடித்துத் தூக்கி எறிய ஊரே இருக்கிறது, அள்ளுவதற்கு இரண்டு பேர். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அள்ளி மாளாத நாளுக்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். கடல் நீர் உள்வாங்கும் நேரம் பார்த்துத் தடுப்பின் ஒரு முனைக் கொக்கியைக் கழற்றிவிடுவோம். அரை மணி நேரத்தில் அத்தனையும் கடலுக்குப் போய்விடும்.

மூன்று நாள் மழை விட்ட ஒரு காலையில், ஆள் ஏறி நடக்கலாம் போலக் குப்பை. பத்து மணிக்குப் பெரிய அதிகாரி வருகிறார். மேஸ்திரியின் மருமகனோ மீன் பிடிக்கப் போயிருந்தான்.

"மாப்பிள்ளை திரும்புற நேரமாச்சேண்ணே," என்றேன்.

"அவன் வர்றதுக்குள்ள கலைஞ்சு போயிடும். இத்தனை வருஷமா விடலையா? கழட்டுய்யா."

கழற்றினேன்.

அதிகாரி பளிச்சென்று கிடந்த தண்ணீரைப் பார்த்தார். மேஸ்திரியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மனிதர் வெட்கத்தில் நெளிந்தார்.

அன்று காற்று கரையைப் பார்த்து அடித்தது. பாவிகள், அதை நாங்கள் யோசிக்கவில்லை. குப்பை கலையாமல் முகத்துவாரத்துக்கு வெளியே திட்டாகச் சேர்ந்து நின்றது. மருமகனின் படகு அதற்குள் புகுந்ததும் பிளாஸ்டிக் தாள்கள் இன்ஜின் விசிறியில் சுற்றி இறுகின. இன்ஜின் நின்றது. அலை படகைத் தூக்கிப் பாறையில் அடித்தது.

தேடுவதற்கு எங்கள் படகைத்தான் கூப்பிட்டார்கள். பைகளை விலக்கி விலக்கி, மதியத்துக்கு மேல் அவன் உடலைக் கண்டோம். மேஸ்திரி கையாலேயே தூக்கினார்.

படகுத்துறையில் மகள் காத்திருந்தாள். தாயில்லாப் பெண், அவர் தனியாளாக வளர்த்தது. புருஷன் கழுத்தில் ஒட்டியிருந்த பையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கேட்டாள்:

"இவ்வளவு குப்பை எங்கேருந்துப்பா வந்துச்சு?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"மழைம்மா," என்றார். "மழையில வந்தது."

அவள் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எவ்வளவுதாம்ப்பா அள்ளுவீங்க," என்று சொல்லி அழுதாள்.