குதிரைக்காரன் காலில் ஒரு புடைப்பு

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரி செம்பைச் சாய்த்துப் பிடித்தாலே உள்ளே எட்டிப் பார்ப்பவன் நான். எங்கள் சேலம் ஜில்லாவில் கள்ளு, சாராயக் கடைகளை மூடிய புதிதில் இந்தக் குணத்துக்கு நல்ல மவுசு வந்தது. மாரியம்மன் நோம்பிக்கு வருகிற ஆட்டக்காரர்கள் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார்களா என்று கவனிக்கும் பொறுப்பை ஊர் என்னிடமே விட்டுவிட்டது.

அந்த வருஷம் பொய்க்கால் குதிரை ஆட எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். அவன் ராஜா, அவள் ராணி. இடுப்பில் மாட்டிய மூங்கில் குதிரைகள் பளபளவென்றிருந்தன. ராஜாவின் ஆட்டம்தான் சரியில்லை. இடது காலில் கட்டிய கட்டையை ஊன்றும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். மோர் கொடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாய் வாடை காட்டிக் கொடுத்துவிடுமென்ற பயம் என்று எடுத்துக்கொண்டேன். குதிரையின் ஜிகினாத் துணி விலகியபோது பார்த்தேன்: கணுக்காலுக்கு மேலே, கட்டையைச் சேர்த்துச் சுற்றிய துணிக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. சாராய புட்டிதான், வேறென்ன? எனக்கு உள்ளூர ஒரே குஷி.

காலில் கட்டையைக் கட்டிவிட்டால் அம்மனை மூன்று சுற்று வந்த பிறகுதான் அவிழ்ப்பது வழக்கம். நான் இரண்டாவது சுற்றிலேயே மறித்தேன்.

"கட்டைய அவுருடா."

"இன்னொரு சுத்துதானுங்க சாமி. முடிச்சுட்டு நானே அவுத்துக் காட்டறனுங்க."

"அதுக்குள்ள புட்டி கை மாறிரும். எனக்குத் தெரியாதா?"

ராணி தன் குதிரையோடு குறுக்கே வந்தாள். "அவருக்குக் கால் சரியில்லீங்க. இழுத்துப்புடாதீங்க சாமி."

அவள் மறைக்க மறைக்க என் சந்தேகம் ஏறியது. அவனைக் கோயில் படியில் உட்காரவைத்து, துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

புட்டி இல்லை. ஒரு சின்னக் குச்சி. அதில் வெள்ளை நூல்போல் சுற்றியிருந்தது நரம்புச் சிலந்திப் புழு. எங்கள் பக்கத்துப் படிக்கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தெரிந்த நோய்தான். காலைப் பொத்துக்கொண்டு வரும் புழுவை நாளுக்கு விரற்கடை அளவு குச்சியில் சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் உள்ளே தங்கிய பாதி காலையே அழுகவைத்துவிடும். குச்சி என் கையிலிருந்த துணியோடு வந்துவிட்டது. புழு அறுந்திருந்தது.

அவன் அறுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிலந்தின்னு தெரிஞ்சா கெணத்துல எறங்க உட மாட்டீங்க, ஆடவும் உட மாட்டீங்கன்னுதானுங்க மறைச்சோம்" என்றாள் அவள்.

உண்மைதான், விட்டிருக்க மாட்டேன்; அந்தக் கால் பட்ட தண்ணீரைக் குடித்தால் ஊருக்கே சிலந்தி வரும். ஆனால் புழுவை அறுத்தது என் கைதான். ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை, கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி கட்டி அனுப்பிவைத்தேன், அவ்வளவுதான்.

மறு வருஷம் அவள் தன் தம்பியோடு வந்தாள். புருஷனும் வந்திருக்கிறானா என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்; இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் நேராக என்னிடம் வந்து, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தாள். தம்பியும் வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"கட்டை கட்டறதுக்கு மின்னாடியே பாத்துக்கங்க சாமி" என்றாள்.