கலைவாணன் வைத்த பாயிண்டுகள்

பொம்மிடி சுற்றுவட்டாரத்தில் தண்ணீருக்குப் போர் போட நினைப்பவர்கள் போர் வண்டிக்காரனைக் கூப்பிடுவதற்கு முன்னால் கலைவாணனைத்தான் கூப்பிடுவார்கள். நாலு இரும்புக் கம்பி, ஒயர் சுற்றிய உருளைகள், ஒரு சுத்தியல், டிபன் கேரியர் உயரத்துக்கு மீட்டர் வைத்த ஒரு பெட்டி. அவ்வளவையும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்குவான். கம்பிகளை வரிசையாகத் தரையில் அடித்து, மண்ணுக்குள் கொஞ்சம் கரண்ட் பாய்ச்சி, பூமி அதை எவ்வளவு தடுக்கிறது என்று பெட்டியில் பார்ப்பான். தடுப்பு அதிகமென்றால் அடியில் கெட்டிப் பாறை. குறைந்தால் ஈரம். குறைந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போடுவான். அதுதான் பாயிண்ட். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு வரும். "நம்முளுது சயின்ஸுங்க" என்பான். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். இந்த வேலையில் பதினாலு வருஷம்.

போன மார்கழியில் ஒரு கல்லூரியிலிருந்து அவனுக்கு போன் வந்தது. கடத்தூருக்கு அப்பால் ஒரு மேட்டில், பெரிய கற்களை வட்டம் வட்டமாக நட்டுவைத்த ஆதிகாலத்து ஈமக்காடு இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டாமலே அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க மாணவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. அவர்கள் கொண்டுவந்த மீட்டர்களில் ஒன்று வழியிலேயே பழுதாகிவிட்டது. "உங்க மீட்டரோட நீங்களும் வாங்க அண்ணா, கூட இருந்து கத்துக்கலாம்" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த ஜாஸ்மின். முப்பது வயதுகூட இருக்காது. கலைவாணனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்டாட்டி சாலம்மாளிடம், "காலேஜ் பசங்களுக்கு கிளாஸ் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

முதல் நாள் கயிறு கட்டிக் கட்டம் போடுவதிலேயே போனது. மேடு முழுக்க ஒரு மீட்டருக்கு ஒரு கோடு. மண்ணுக்குள் பார்க்கும் ரேடார் பெட்டியை ஒரு குழு தள்ளுவண்டி போலக் கோட்டுக்குக் கோடு உருட்டியது. கற்களைத் தொடவோ, ஒரு சட்டி மண்ணை அள்ளவோ யாருக்கும் அனுமதி கிடையாது.

"தோண்டிட்டா அந்த இடம் திரும்பக் கெடைக்காது. அதனால தப்பா சொல்லிடக் கூடாது" என்றாள் ஜாஸ்மின். "நாளைக்குக் காலையில எல்லா மீட்டரையும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வேலை."

மறுநாள் அவள் சின்ன டப்பாவிலிருந்து மின்தடைகளை எடுத்தாள். நூறு ஓம் என்றால் நூறு, ஒரு ஓம் என்றால் ஒன்று. எவ்வளவு தடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவை. கலைவாணனின் பெட்டியில் நூறை மாட்டினாள். சரியாக நூறு காட்டியது. அவன் மாணவர்களைப் பார்த்துத் தலையாட்டினான்.

அடுத்தது ஒரு ஓம். திருகைச் சின்ன அளவுக்குத் திருப்பினாள். பூஜ்யம் புள்ளி மூன்று மூன்று.

மறுபடி மாட்டினாள். அதே எண். ஒயரை மாற்றினாள். அதே எண்.

"அண்ணா, சின்ன அளவுல மூணுல ஒரு பங்குதான் காட்டுது. எப்பலேர்ந்து இப்படி?"

"தெரியலைங்க மேடம்."

தெரியும். சோதிப்பதற்கு முன் தெரியாது, அந்த எண்ணைப் பார்த்த கணத்தில் தெரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பொம்மிடி ரோட்டில் ஒரு வேகத்தடையில் பைக் சறுக்கிப் பெட்டி தார்மேல் விழுந்தது. மூடி நசுங்கியது. வீட்டில் பிரித்து, கழன்றதை இறுக்கி, ஸ்விட்ச் போட்டான். எண் வந்தது. எண் வந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"நமக்கு இங்க மேலாக ரெண்டு மீட்டர் ஆழம்தான், பெரிய அளவுலயே எடுத்துக்கலாம்" என்றாள் ஜாஸ்மின். "ஆழமாப் போனா எண்ணு சின்னதாயிடும், அப்பத்தான் சின்ன அளவு வேணும். தண்ணி பாக்கறதுக்கு இதை வெச்சுக்காதீங்க."

அவன் தலையாட்டினான்.

மத்தியானம் மாணவர்கள் புளிசாதம் பிரித்துக்கொண்டிருக்க, அவன் பைக்கிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்தான். எந்த ஊர், யார் நிலம், எந்த ஆழத்துக்கு என்ன எண் என்று எல்லாம் எழுதிவைத்திருந்தான். பெட்டி விழுந்த பிறகு நாற்பத்தோரு வீட்டுக்குப் பாயிண்ட். ஆழத்து எண்களை ஒவ்வொன்றாக மூன்றால் பெருக்கினான். ஈரம் என்று எழுதியிருந்த இடமெல்லாம் பாறையாக மாறிக்கொண்டே வந்தது.

இந்த மூன்று வருஷத்தில் போர் ஏமாற்றியபோதெல்லாம் அவன் சொன்னது ஒன்றுதான்: "மழை இல்லைங்க, பூமித்தாய் வத்திப் போச்சு, நான் என்ன பண்றது." மழை சரியில்லாததும் உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் இவ்வளவு நாள் பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தான்.

இண்டூர் கிருஷ்ணப்பன் பக்கம் வந்ததும் கை நின்றது. முக்கால் ஏக்கரா நிலம். அங்கே ஈரமுள்ள இடம் ரெண்டு என்று எழுதியிருந்தான். பெருக்கிப் பார்த்தால் ரெண்டும் பாறை. நிலம் பூரா பாறை. அன்றைக்கு நல்ல மீட்டர் கையில் இருந்திருந்தால் "இங்க போர் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருப்பான். போர் வண்டி ஆயிரத்து நூறு அடி போய் வெறும் வெள்ளைப் புழுதியைக் கக்கிவிட்டுத் திரும்பியது. மாடுகளை விற்றுவிட்டு கிருஷ்ணப்பன் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

மீதி மூன்று நாளும் அவன் அதே மீட்டரைப் பெரிய அளவில் வைத்து ஒழுங்காக வேலை செய்தான். ஒரு கல்வட்டத்துக்குக் கீழே நீள்சதுரமாக ஒரு கல்லறை கணினித் திரையில் தெளிந்து வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிப் பைக்குள் வைத்தான். ஜாஸ்மின் மட்டும், "உடம்பு சரியில்லையா அண்ணா?" என்று கேட்டாள்.

"அந்த மீட்டரை வெச்சு நாப்பத்தோரு வீட்டுக்கு எடம் குறிச்சுக் குடுத்திருக்கேங்க" என்றான்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

மறுநாள் காலை இண்டூர் போனான். கிருஷ்ணப்பன் பெண்டாட்டி ராமக்காள் தக்காளி பறிக்கக் கூலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார் பெரியம்மாள் இருமுவது கேட்டது. வாசலில் நின்றபடியே அவன் எல்லாவற்றையும் சொன்னான். பைக் விழுந்தது, மீட்டர் பொய் சொன்னது, மூன்றால் பெருக்கியது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தான்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"நீங்க ரெண்டு எடம் காட்டுனீங்களே அண்ணா. ரெண்டும் ஒண்ணுதான், வூட்டுப் பொம்பள கையால ஒண்ணைக் காட்டட்டும்னு சொன்னீங்களே. ஞாபகம் இருக்குதா?"

அவனுக்கு ஞாபகமில்லை. எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்வான். வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.

"நான்தான் காட்டுனேன். மூணு வருசமா இந்த வூட்ல எனக்கு அதுதான் பேரு. விளங்காத கை. சாமி விளக்கேத்த விடமாட்டாங்க. அவரு ஓசூர்லேர்ந்து போன் பண்ணா அவங்க ஆத்தாகிட்ட மட்டும் பேசிட்டு வெச்சிடுவாரு."

கலைவாணனால் நிமிர முடியவில்லை. அந்த நாற்பத்தோரு வீட்டிலும் யார் யார் கைகாட்டினார்கள் என்று நோட்டில் எழுதவில்லை.

"இப்ப எங்கிட்ட சொன்னதை அவருகிட்ட சொல்லுங்க" என்று ராமக்காள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். குரலை உயர்த்தி உள்ளே பார்த்துச் சொன்னாள்: "அத்தே, நீங்களும் வந்து கேளுங்க."

கிழவி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம், "என்னடி, டூட்டி நேரத்துல" என்றான் கிருஷ்ணப்பன். கலைவாணன் இரண்டாம் முறை சொன்னான்.

"உங்க சம்சாரம் எந்த எடத்தைக் காட்டியிருந்தாலும் தண்ணி வந்திருக்காதுங்க. தப்பு என்னுளுது."

போனில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. பிறகு, "ஓகோ, மாடு போனதுக்கு அப்புறமா வந்து சொல்றியா?" என்றான் கிருஷ்ணப்பன். போன் நின்றது. கிழவி உள்ளே போனாள். ராமக்காள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வேன் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதன் பிறகு ஒரு மாதத்தில் கலைவாணன் இருபத்தாறு வீட்டுக்குப் போனான். ஒருவன் சட்டையைப் பிடித்தான். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள், அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊருக்குள் விஷயம் பரவி, கூப்பிடுவது நின்றுபோனது. மீட்டர் இன்னும் பெங்களூரில் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. "எதுக்குய்யா ஊர் ஊராப் போயி உன் பேரை நீயே கெடுத்துக்கற?" என்று சாலம்மாள் அழுதாள்.

பொங்கல் முடிந்து ராமக்காள் போன் செய்தாள். கிருஷ்ணப்பன் வந்து மூன்று நாள் இருந்தானாம். போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். "ஆனா பொங்கப் பானையில என்னை அரிசி போடச் சொன்னாரு அண்ணா" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று குரலிலிருந்து அவனுக்குப் பிடிபடவில்லை.

இன்னும் பதினாலு வீடு பாக்கி இருந்தது.