கடலைப் பார்த்த கூடாரம்

சுட்டுவிரலை வாயில் நனைத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தாம்பரம் ரயிலடியில் ஒருவர் நின்றால் அவர்தான் தனசிங் சார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிறார். அவர் பார்த்து முடிப்பதற்குள் எட்டு நாற்பது வண்டி போய்விடும்.

பாரிமுனைப் பக்கம் ஓர் ஆபீசில் ஹெட்கிளார்க். சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்றிலும் மை இருக்கும். ஆனால் மனசு மட்டும் வீட்டுப் பரணில் சுருண்டு கிடக்கும் கூடாரத்தில்தான். காக்கிக் கித்தான் வாங்கி, ஆறு பிரம்பு வளையம் வளைத்து, கை மிஷினில் தானே தைத்தது. எழுந்து நின்றால் கூண்டு வண்டியின் கூண்டு மாதிரி நீளமாக இருக்கும். எட்டுப் பேர் படுக்கலாம். எழுந்து நிற்பதுதான் அபூர்வம்.

கூடாரம் அடிக்கும் முறையை ஆபீஸ் சுற்றறிக்கை போல டைப் அடித்து வைத்திருக்கிறார். கல்லும் வேரும் இல்லாத இடமாகப் பார். கித்தானை விரி. வளையங்களை வரிசையாகச் செருகு. ஒரு முனையில் முளை அடித்துவிட்டு மறுமுனையைப் பிடித்து இழு. பக்கக் கயிறெல்லாம் அப்புறம். அசல் அவருக்கு, கார்பன் பிரதிகள் நாலு மகள்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு ஆகக் கடைசிப் பிரதி. அதில் தலைப்பைக்கூட ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. வேலை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பேர் கிடையாது. மூத்த மகள் ஹில்டா ரெண்டாம் வளையம். நான் ஆறாம் வளையம். "சிக்ஸ், அங்கே என்ன வேடிக்கை? ஸ்ட்ரெயிட்டா பிடிங்க சார்!"

மனைவி ரத்தினபாய் எந்த வளையமும் பிடிப்பதில்லை. எழுபத்தொன்றில் படப்பை ஏரிக்கரையில் கூடாரம் சரிந்து புளிசாதத்தின் மேல் உட்கார்ந்ததிலிருந்து அந்த அம்மாள் எதிர்க்கட்சி. "இந்த வாட்டியும் விழுந்துச்சுன்னா கித்தானை வெட்டி வராண்டாவுக்குப் படுதா தெச்சிடுவேன். டெய்லர்கிட்ட அளவே குடுத்தாச்சு" என்றார் கோவளம் கிளம்பும்போது. சொன்னால் செய்கிறவர்.

எழுபத்திரண்டு மே மாதம் இரண்டு பஸ் மாறிக் கோவளம் போனோம். காலை எட்டரைக்குக் காற்று தரைப் பக்கமிருந்து மெல்ல வந்தது. விரல் சொன்னபடி, முதுகு ஊருக்கும் வாய் கடலுக்குமாக வைத்து அடித்தார். நின்றேவிட்டது! உள்ளே உட்கார்ந்தால் வாசல் நிறையக் கடல். எனக்கே பொறாமையாக இருந்தது.

மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த, அங்காளம்மா என்கிற குப்பத்துப் பெண் நின்று பார்த்தாள். "இன்னா சார், கடலுக்கு நேரா வாயைத் தொறந்து வெச்சிகிற? வெயில் ஏறினா கடக்காத்து உள்ள பூந்து, அப்பிடியே தூக்கிகினு பூடும். திருப்பிப் போடு."

"ஏம்மா, இவ்ளோ தூரம் வந்தது சவுக்குத் தோப்பைப் பார்க்கவா?" என்று சிரித்தார் சார்.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக் கூடையைப் பிரித்தோம். காற்றும் அதற்குத்தான் காத்திருந்தது போல வந்தது. கித்தான் பூரி மாதிரி உப்பியது. முளைகள் மணலைப் பிய்த்துக்கொண்டு கிளம்பின. தனசிங் சார் வாசல் வளையத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மணலை உழுதபடி தோப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"விட்டுடுங்க சார், கை போயிடும்!" என்று கத்தினேன்.

"எப்படி சார் விடுறது? இருபது வருஷமா வாடகை வீடு. சொந்தமா நான் கட்டினது இது ஒண்ணுதான்!"

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் நானும் பிடித்தேன். மகள்களும் ஓடி வந்தார்கள். அங்காளம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, "படுக்க வையி! படுக்க வெச்சுத் திருப்பு!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். இன்னொருவர் உத்தரவுக்கு சார் கீழ்ப்படிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதுகு கடலுக்கு வந்தது. முளைகளை இரண்டு முழ ஆழத்துக்கு மணலில் புதைத்தோம். கடல் பக்கத்து நடுக்கயிற்றுக்கு மட்டும் முளை இல்லை. எங்கே பறந்ததோ தெரியவில்லை. அது இல்லாமல் கூடாரம் நிற்காது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சார் சுற்றுமுற்றும் பார்த்தார். வளையங்களான எங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் வேலை இருந்தது.

ரத்தினபாய் எழுந்து வந்தார். கணவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.